சங்கிலிமேட்டுப் பாலத்துக்குக் கீழே

இதுல உக்காருங்கம்மா, இது நல்லா இருக்கு. அந்தா, அதுல மட்டும் உக்காந்துராதீங்க, ஒரு கால் ஆடும். போன திங்கக்கிழமை ஒரு பெரியவர் அதுல உக்காந்து கவுந்துட்டாரு. எந்திரிச்சு, வேட்டியைத் தட்டிட்டு, அதையும் ஒரு மனுவா எழுதிக் குடுத்துட்டுப் போனாரு. நாற்காலி அப்படியே கிடக்கு பாத்தீங்களா.

கலெக்டர் ஆபீஸ் வாசல்ல பையைச் சோதிச்சாங்களா? தண்ணி பாட்டிலைத் திறந்து மோந்து பாத்திருப்பாங்களே. மண்ணெண்ணெய் கொண்டுவந்து மேல ஊத்திக்கிருவாங்கன்னு பயம். என் டிபன் பாக்ஸைக்கூடத் திறக்கச் சொன்னாப்ல அந்தப் போலீஸ்காரர். தயிர்சோறு சார்னேன். சரி போன்னு விட்டாப்ல.

நீங்க பட்டா மாத்தவா? அதுக்கு ஆறு தடவை நடக்கணும். பயப்படாதீங்க, எப்படியும் கிடைச்சிரும். என்னுது பாலம். பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாடி, ரயில் ரோட்டுக்கு மேல ஒரு பெரிய மேம்பாலம் மூடிக்கிடக்குல்ல, உங்க பஸ்கூடச் சுத்தித்தானே வந்திருக்கும்? அதான். சங்கிலிமேட்டுப் பாலம். இப்பத்தான் பதினேழாவது ஆளைக் கூப்பிட்டிருக்காங்க, நேரம் கிடக்கு, சொல்றேன்.

என் பேரு பரஞ்சோதி. கிரில் பட்டறை வச்சிருக்கேன். கேட்டு, சன்னல், மாடிப்படிக் கைப்பிடி, எல்லாம் பண்ணுவேன். பட்டறை அந்தப் பாலத்துக்கு அடியிலதான், ஏறுற பக்கம். முப்பத்தி நாலு வருஷம். தலைக்கு மேல லாரி போறதை வச்சே லோடா காலியான்னு சொல்வேன்.

ரெண்டேகால் வருஷத்துக்கு முன்னாடி, ஆனி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. தகரக் கூரையில டமார்னு ஒரு சத்தம். ஏறிப் பாத்தா இவ்வளவு பெரிய காரைக்கட்டி. அண்ணாந்து பாக்கேன், பாலத்து அடிவயித்துல கம்பி தெரியுது. துருப்பிடிச்சு, ஊதி, பட்டை பட்டையா உரியுது. இரும்புல வேலை பாக்குறவனுக்கு அது தெரியும்மா. அந்தக் கம்பிக்கு உயிர் இல்ல.

உடனே மனு எழுதினேன். யாரும் எழுதல, நான் எழுதினேன். காரைக்கட்டியை ஒரு சாக்குல போட்டுத் தூக்கிட்டு வந்து இதே ஆபீஸ்ல மேசை மேல வச்சேன். பேப்பர்ல போட்டாங்க. நான் கட்டியைக் கையில பிடிச்சிருக்கிற மாதிரி போட்டோ. அடுத்த வாரம் இன்ஜினியர்ங்க வந்தாங்க, சுத்தியலை வச்சு அங்க தட்டினாங்க, இங்க தட்டினாங்க. மறுநாளே மூடிட்டாங்க. நாலு மாசத்துல திறந்துருவோம்னு ஒரு இன்ஜினியர் என் தோள்ல கைபோட்டுச் சொன்னாப்ல. "நீங்க ஐந்நூறு உசுரைக் காப்பாத்தியிருக்கீங்க"ன்னாப்ல. அப்படித்தான் சொன்னாப்ல, ஐந்நூறுன்னு.

வண்டியும் ஏறாம, ஆளும் ஏறாம இருக்க, குறுக்கே உயரமா இரும்புத் தடுப்பு போடணும்னாங்க. பட்டறை பக்கத்துலயே இருக்குன்னு என்கிட்டயே குடுத்தாங்க. ரெண்டு பக்கமும் ரெண்டே நாள்ல அடிச்சு மாட்டிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, இன்னைக்குப் போய் ஆட்டிப் பாருங்க, ஒரு இணைப்பு விட்டிருக்காது. இந்த ரெண்டேகால் வருஷத்துல அந்தப் பாலத்துல முடிஞ்ச வேலை அது ஒண்ணுதான்.

நாலு மாசம் போச்சு. ஒருத்தனையும் காணோம். பாலம் இந்தப் பக்கம் எங்க தெருக்கள், அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், காய்கறி மார்க்கெட்டு. பாலத்துமேல நடந்தா பத்து நிமிசம். இப்ப ரயில்வே கேட்டைச் சுத்திப் போகணும். நாலு கிலோமீட்டர். அந்தக் கேட்டைத் திறக்கவே மாட்டாங்க, திறந்தா ஊரே அங்கதான் நிக்கும்.

எங்க பக்கத்து ஜனங்க யாரைத் திட்டுனாங்கன்னு நினைக்கீங்க? கவர்மெண்டையா? என்னைத்தான். "சும்மா கிடந்த பாலத்தைப் போட்டோ எடுத்து மூட வச்சானே"ன்னு. டீக்கடையில நான் போனா பேச்சு நின்னுரும். ஒரு அம்மா நேராவே கேட்டுச்சு, "விழுந்தா விழுந்துட்டுப் போகுது, நீ ஏன்யா மேல பாத்த?"

திட்டாதவங்க ரெண்டே பேரு. லூர்துராஜும் அவன் பொண்டாட்டியும். லூர்துராஜ் என் பட்டறையை ஒட்டி இஸ்திரி வண்டி வச்சிருந்தான். என்னைவிடப் பதினைஞ்சு வயசு இளையவன். பேச்சு கம்மி. சட்டையைத் தேய்ச்சு மடிச்சு வச்சான்னா கடையில வாங்கின மாதிரி இருக்கும். அவன் பொண்டாட்டி சகாயராணி, நான் சகாயம்னு கூப்பிடுவேன், அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில வார்டு வேலை. காண்ட்ராக்டு ஆளு. ஏழு மணிக்கு உள்ள இருக்கணும். அவ அவனுக்கும் சேர்த்துப் பேசுவா. காலையில பட்டறையைத் தாண்டும்போது, "அண்ணே, இன்னைக்காவது பாலம் திறக்குதா, சாயங்காலம் வரும்போது கேக்குறேன்"னு சொல்லிட்டுத்தான் போவா.

கார்த்திகை மாசம் ஒரு நாள் சிரிக்காம வந்து நின்னா.

"அண்ணே, இந்த மாசம் நாலு நாள் லேட்டு போட்டுட்டாங்க. இன்னொரு நாள்னா நின்னுக்கோன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

"அஞ்சு மணிக்கே கிளம்பேன் சகாயம்."

"அஞ்சு மணிக்கு எந்த ஆட்டோ வருது? நடந்துதான் போறேன். கேட்டு போட்டுட்டா அரைமணி நேரம் நிக்கேன்." கொஞ்ச நேரம் ரயில் ரோட்டையே பாத்துட்டு இருந்தா. "மூட வச்சது நீங்கதானேண்ணே. ஒரு வழியும் நீங்களே பண்ணிக் குடுங்க."

விளையாட்டாத்தான் சொன்னா. சத்தியமா விளையாட்டாத்தான் சொன்னா. ஆனா அது என்னை உறுத்திருச்சு. ஊரு திட்டினதுகூட உறுத்தலம்மா, அவ சிரிக்காமச் சொன்னது உறுத்திருச்சு.

பாலத்துக்கு அடியில, ரயில் ரோட்டு ஓரமா, ஆள் உயரத்துக்குக் கம்பி வேலி. அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி, தெருவே சாப்பிட்டுப் படுத்திருக்கு. இரும்பு அறுக்குற ஆக்ஸா பிளேடை எடுத்துட்டுப் போனேன். சகாயம் குடையைப் பிடிச்சிட்டு மறைவா நின்னா. ரெண்டு கம்பி, மேலயும் கீழயும் நாலு வெட்டு. ஒரு ஆளு பக்கவாட்டுல நுழையிற அளவு. அறுத்துட்டு அப்படியே விட்டுட்டு வரல. அரத்தை வச்சு முனையெல்லாம் ராவி விட்டேன். பொம்பளைங்க வருவாங்க, சேலை மாட்டக்கூடாதுல்ல. வேலைன்னா அது வேலைதானே, எங்க செஞ்சாலும்.

நானா அறுத்தேன்னு பாக்கீங்க. ஆமா, நான்தான். மெதுவாப் பேசுவோம். நல்லதுக்குத்தான் செஞ்சேன். கவர்மெண்டு செய்யாததை ஒரு ஆக்ஸா பிளேடை வச்சு நான் செஞ்சேன். அப்படித்தான் அன்னைக்கு நினைச்சேன்.

ஒரே வாரம். இருபது பேரு, அம்பது பேரு, அப்புறம் எண்ண முடியல. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க, ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு போறவங்க, காய்க்காரம்மாக்கள். யாரு அறுத்ததுன்னு யாரும் கேக்கல. ஓட்டை இருக்கு, போறோம், அவ்வளவுதான். ரயில் ரோட்டுல தினமும் நடந்து தண்டவாளம் பாப்பாப்லல்ல, கேங்மேன், அவரே அந்த ஓட்டை வழியா இந்தப் பக்கம் வந்து டீ குடிச்சிட்டுப் போவாப்ல. என்னைப் பாத்துச் சிரிப்பாப்ல. சகாயம் அதுக்கப்புறம் ஒரு நாள் லேட்டாப் போகல.

பதினோரு மாசம் அப்படிப் போச்சு. அந்தப் பதினோரு மாசமும் பாலத்தைப் பத்தி நான் மனு எழுதாம இருந்தேன்னு நினைக்காதீங்க. எழுதினேன். ஆனா முந்தி மாதிரி அவ்வளவு அவசரம் தெரியல. ஜனங்களும் கேக்குறதை விட்டுட்டாங்க. வழிதான் இருக்கேன்னு.

அடுத்த ஐப்பசி. விடியிறதுக்கு முன்னாடியே பிடிச்ச மழை. ஆறே முக்கால் இருக்கும், நான் ஷட்டரைத் தூக்கிட்டு இருக்கேன். லூர்துராஜ் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி பத்தவச்சு ஊதிட்டு இருக்கான். சகாயம் இப்பத்தான் தாண்டிப் போனா, தலையில பிளாஸ்டிக் சாக்கை முக்காடாப் போட்டுட்டு. இந்தப் பக்கத்து லைன்ல ஒரு கூட்ஸ் வண்டி நிக்குது. எப்பவும் அது நகர்ற வரைக்கும் நிப்பா. அன்னைக்கு நேரமாயிருச்சு போல. கடைசிப் பெட்டியைச் சுத்திக்கிட்டுப் போயிருக்கா. அந்தப் பக்கத்து லைன்ல எக்ஸ்பிரஸ் வந்திருக்கு. மழைச் சத்தம், தலையில சாக்கு, கேட்டிருக்காது.

ஹாரன் நீளமா அடிச்சான். விடாம அடிச்சான். அப்புறம் வண்டி நின்னுச்சு. அங்க எக்ஸ்பிரஸ் நிக்காதும்மா.

லூர்துராஜ் நிமிந்து பாத்துக் கேட்டான், "மாடு எதுவும் மாட்டிருச்சாண்ணே?"

எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ரெண்டு பேரும் ஓடினோம். அந்த ஓட்டை வழியாத்தான் ஓடினோம். அங்க என்ன பாத்தோம்னு வேணாம். உங்களுக்கு எதுக்கு.

ரயில்வே போலீஸ் வந்து எழுதினாங்க. "அத்துமீறித் தண்டவாளத்தைக் கடந்தபோது சொந்தக் கவனக்குறைவால்." அது ஒரு வரிதாம்மா. அந்த ஒரு வரி இருந்தா லூர்துராஜுக்கு எங்கயும் ஒரு பைசா நஷ்டஈடு கிடையாது. ஆஸ்பத்திரியில, காண்ட்ராக்டு ஆளு, எங்க லிஸ்டுல இல்லன்னுட்டாங்க. அவனுக்கு ஒரு பொண்ணு, பன்னெண்டாவது படிக்குது.

அடக்கம் முடிஞ்சு பத்து நாள் கழிச்சு வந்து வண்டியைத் திறந்தான். யாரு துணியையோ விரிச்சு வச்சுட்டு, தேய்க்காம நிக்கான். "அண்ணே, நாலு மாசத்துல திறப்போம்னு சொன்னாங்களே. ஏன் திறக்கல? யாரு திறக்காம விட்டது?"

அந்தக் கேள்வியை நான் எடுத்துக்கிட்டேன். அன்னையிலருந்து பட்டறை இரண்டாம்பட்சம். தகவல் உரிமைச் சட்டத்துல மனு மேல மனு. நெடுஞ்சாலைத்துறைக்கு எழுதினேன். பதில் வந்துச்சு: ஏறுற இறங்குற பகுதி மட்டுமே எங்களுது, நடுப்பகுதி ரயில்வேக்குரியது, கோப்பு அனுப்பப்பட்டது. ரயில்வேக்கு எழுதினேன்: வரைபடம் திருப்பி அனுப்பப்பட்டது, மாநிலத்தோட பங்கு வரவேண்டியிருக்கு. மாநகராட்சிக்கு எழுதினேன்: பாலத்துமேல இருக்கிற விளக்குக் கம்பம் மட்டும்தான் எங்களுது, அதுவும் இணைப்பு துண்டிக்கப்பட்டது. நல்லாக் கேட்டுக்கோங்க, மூணு ஆபீசு, ஒரு பாலம், கடைசியில விளக்குக் கம்பம்.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. தாமதத்துக்குப் பொறுப்பான அதிகாரி யாரு? ஒரு மனுசன் பேரு. "கேட்கப்பட்ட தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை." மேல்முறையீடு போட்டேன். "இல்லை." ஒரு ஆளு பேரைச் சொல்ல அவ்வளவு பயம் பாத்தீங்களா. ஒரு தப்பு நடந்தா, நான்தான்னு சொல்றதுக்கு ஒரு ஆளு கிடையாது இந்த நாட்டுல. இதை நான் பேப்பர்க்காரங்ககிட்டயும் சொன்னேன், போட்டாங்க.

அதுல ஒண்ணு நடந்துச்சு. மாசி மாசம், ஆர்.டி.ஓ. மேடம் ஒருத்தங்க, வருவாய்க் கோட்டாட்சியர், விசாரணைக்கு வந்தாங்க. பாலம் ஏன் இழுத்துச்சு, இந்தச் சாவு எப்படி நடந்துச்சு, ரெண்டையும் சேர்த்து விசாரிக்கச் சொல்லி உத்தரவு. நல்ல மேடம்மா அது. ஜீப்பைத் தூரத்துல நிறுத்திட்டு, கேட்டைச் சுத்தி நாலு கிலோமீட்டரும் நடந்து பாத்துட்டு வந்தாங்க. வேர்த்துப் போய் நின்னாங்க. அப்பவே எனக்கு நம்பிக்கை வந்துருச்சு.

வேலிக்கிட்ட நின்னு அந்த ஓட்டையைக் கையால தடவிப் பாத்தாங்க. "இதை அறுத்தவருக்குத் தொழில் தெரியும். முனை வழவழன்னு இருக்கு"ன்னாங்க.

கூட வந்த ரயில்வே அதிகாரி சொன்னாப்ல, "வேலி நல்லா இருந்துச்சு மேடம். விபத்துக்கு முந்தின வாரம்தான் யாரோ விஷமிங்க அறுத்திருக்காங்க. எங்க கவனத்துக்கு வரல."

கேங்மேனும் பின்னாடிதான் நின்னாப்ல. தரையைப் பாத்துட்டு நின்னாப்ல.

மேடம் எங்க பக்கம் திரும்பினாங்க. ஒரு நாப்பது பேரு நின்னோம். நான் முன்னாடி, எனக்குப் பக்கத்துல லூர்துராஜ். "பயப்படாமச் சொல்லுங்க. இது எப்ப அறுத்தது? ஒரு வாரம்னா என்னால எதுவும் எழுத முடியாது. மாசக் கணக்கா இருந்துச்சு, ஜனங்களுக்கு வேற வழி இல்ல, பாத்துட்டே இவங்க விட்டுட்டாங்கன்னு தெரிஞ்சா, பாலத்தை இத்தனை நாள் மூடியே போட்டுவச்சவங்க மேல நான் எழுதலாம். இவருக்கும் ஒரு வழி பிறக்கும். அறுத்தவரே வந்து சொன்னா இன்னும் நல்லது. ஏன் அறுத்தாரோ அதையும் எழுதிக்கிறேன்."

யாரும் வாயைத் திறக்கல. எல்லாரும் அந்த வழியாப் போனவங்கதானே. போனேன்னு சொன்னா அத்துமீறல்.

மேடம் என்னைத்தான் கேட்டாங்க. "நீங்கதானே மனு போட்டவர்? பட்டறை பக்கத்துலயே இருக்கு. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க மேடம்"னேன்.

என்னம்மா அப்படிப் பாக்கீங்க? யோசிச்சுப் பாருங்க. ரயில்வே சொத்தை அறுத்தா சும்மா விடுவாங்களா? உள்ள பிடிச்சுப் போட்டா, பட்டறை என்னாகுறது? அது கிடக்கட்டும். என்னைப் பிடிச்சுட்டா இந்தக் கேஸை யாரு நடத்துறது? லூர்துராஜுக்கு மனு எழுதத் தெரியுமா? அத்தனை காகிதமும் என்கிட்ட. நான் வெளிய இருந்தாத்தானே அவனுக்கு நல்லது. அப்படித்தான் நினைச்சேன். இப்பவும் அது முழுக்கத் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

பத்து நாள் டைம் குடுத்தாங்க மேடம். இங்க சொல்லப் பயமா இருந்தா ஆபீசுக்கு வாங்கன்னாங்க. ஒன்பதாவது நாள் போனேன். போகலைன்னு சொல்லக்கூடாது, போனேன். உள்ள கூப்பிட்டு உக்கார வச்சாங்க. "சொல்லுங்க"ன்னாங்க. நான் பையைத் திறந்து, பாலத்தை எப்ப திறப்பீங்கன்னு ஒரு மனுவை எடுத்து நீட்டினேன்.

"இதுக்காகவா வந்தீங்க?"

"ஆமாங்க மேடம்."

கொஞ்ச நேரம் என் கையைப் பாத்தாங்க. இந்தா, இந்தத் தழும்பெல்லாம் வெல்டிங் பொறி பட்டது. அப்புறம் மனுவுல கையெழுத்துப் போட்டு வாங்கி வச்சிட்டாங்க.

ஆனி மாசம் அறிக்கை வந்துச்சு. அடையாளம் தெரியாத நபர்களால் வேலி அறுக்கப்பட்டது. பாலப் பணியின் தாமதத்துக்கும் மரணத்துக்கும் நேரடித் தொடர்பு நிறுவப்படவில்லை. பாலத்துக்கு விரைவில் ஒப்பந்தப்புள்ளி கோரப்படும். மேடத்தையும் வேற ஊருக்கு மாத்திட்டாங்க. வேலியை மட்டும் ஒரே நாள்ல அடைச்சுட்டாங்க. மோசமான வெல்டிங். கையால பிடுங்கலாம்.

அந்த அறிக்கையை வாங்கிட்டு லூர்துராஜ் பட்டறைக்கு வந்தான். உள்ள வந்து உக்காந்தான். அவன் உள்ள வந்து உக்காந்ததே இல்ல, எப்பவும் வெளிய நின்னுதான் பேசுவான்.

"அண்ணே, இதுல அடையாளம் தெரியாத நபர்கள்னு போட்டிருக்கே, யாருண்ணே?"

நான் ஆரம்பிச்சேன். இவங்க தப்பிக்கிறதுக்காகச் செய்ற வேலை லூர்து, மேல்முறையீடு போடுவோம், கோர்ட்டுக்குப் போவோம், அப்படி இப்படின்னு. அவன் கேட்டுட்டே இருந்தான். நான் மூச்சு வாங்க நிறுத்தினப்ப சொன்னான்.

"அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானமே அவ வீட்டுக்கு வந்து சொல்லிட்டாண்ணே. பரஞ்சோதி அண்ணன் வழி பண்ணிக் குடுத்துட்டாரு, முனையெல்லாம் ராவி விட்டிருக்காரு, சேலையில மாட்டாதுன்னு. அவ்வளவு சந்தோசமாச் சொன்னா."

அறிக்கையை மடிச்சு என் மேசை மேல வச்சான்.

"மேடம் உங்களைக் கேட்டப்ப பக்கத்துலதான் நின்னேன். இப்பச் சொல்வாரு, இப்பச் சொல்வாருன்னு பாத்தேன். பத்து நாளும் பாத்தேன்."

"நீ சொல்லியிருக்கலாமே லூர்து."

"நான் சொன்னா உங்களைக் காட்டிக் குடுத்ததா ஆகும். நீங்க சொன்னா அது சாட்சி." எந்திரிச்சான். "நீங்க அறுத்ததுனால அவ செத்துட்டான்னு நான் நினைக்கலண்ணே. ஒரு நாளும் நினைக்கல. அவளுக்கு நல்லது செஞ்ச ஒரே ஆளு நீங்கதான். அதை உங்களால ஏன் சொல்ல முடியலைன்னுதான் எனக்குப் புரியல."

மறுநாள் இஸ்திரி வண்டியைக் காணோம். கேட்டுப் பக்கம் ஒரு மரத்தடிக்குத் தள்ளிட்டுப் போயிட்டான். சண்டை இல்ல, ஒண்ணும் இல்ல. அவன் வண்டி நின்ன இடத்துல கரித்தூள் மட்டும் கொஞ்ச நாள் கிடந்துச்சு.

ரெண்டு வாரம் சாப்பாடு இறங்கல. வீட்டுக்காரி டாக்டர்கிட்ட வாங்கன்னா. அப்புறம் ஒரு நாள் உக்காந்து எழுதினேன். பெரிய தாள்ல ரெண்டு பக்கம். எழுதி எடுத்துட்டு அவன்கிட்டப் போனேன். இஸ்திரிப் பெட்டியை ஓரமா நிமித்தி வச்சுட்டு, கையைத் துடைச்சு வாங்கிப் படிச்சான். மெதுவாத்தான் படிப்பான். படிச்சுட்டுத் திருப்பிக் குடுத்தான்.

"வேலி அறுக்கப்பட்டதுன்னு எழுதியிருக்கீங்க. வழி ஏற்படுத்தப்பட்டதுன்னு எழுதியிருக்கீங்க. இதுல ஆளே இல்லையேண்ணே."

பாத்தேன். ஆமா. ரெண்டு பக்கத்துல நான்ங்கிற வார்த்தை கடைசிக் கையெழுத்துலகூட இல்ல, "இப்படிக்கு மனுதாரர்"னு போட்டிருக்கேன். வேணும்னு செய்யலம்மா. மனு எழுதி எழுதி அப்படியே வந்துருச்சு. மனுன்னா அப்படித்தானே எழுதுவோம்.

திரும்ப எழுதினேன். இந்தத் தடவை அரைப் பக்கம்தான். என்ன தேதி, எத்தனை மணி, எத்தனை கம்பி, எதுக்காக அறுத்தேன், அதுக்கப்புறம் பதினோரு மாசம் யாரு யாரு பாத்துட்டு விட்டாங்க. எல்லாம் இருக்கு. அவன்கிட்டக் காட்டினேன். தலையை ஆட்டினான். இலவசச் சட்ட உதவியில அவனுக்கு ஒரு வக்கீலம்மா கிடைச்சிருக்காங்க. அந்த அம்மா சொல்லிட்டாங்க, இது சும்மா காகிதமா வந்தா பிரயோசனம் இல்ல, ஒரு ஆபீசுல குடுத்து, சீல் போட்ட ஒப்புகை வேணும், வர்ற வியாழக்கிழமை கேஸ் தேதி, அதுக்குள்ள வேணும்னு.

ரயில்வே போலீசுக்குத்தான் முதல்ல கொண்டு போனேன். எழுத்தர் படிச்சுட்டுச் சிரிச்சாப்ல. "இப்ப வேலி அடைச்சாச்சு. விசாரணை முடிஞ்சு ஃபைலு மூடியாச்சு. புகாரே இல்லாம உங்களை எதுல சேர்க்கிறது? போய்ப் பேரன் பேத்தியைப் பாருங்க பெரியவரே"ன்னாப்ல. நெடுஞ்சாலைத்துறைக்குப் போனேன், வேலி எங்களுது இல்லைன்னுட்டாங்க. நம்புவீங்களா? நான் செஞ்சேன்னு ஒருத்தன் வந்து நிக்கான், வாங்கிக்கிறதுக்கு ஒரு ஆபீசு இல்ல.

அதான் இங்க வந்தேன். இங்க எதைக் குடுத்தாலும் வாங்கித்தான் ஆகணும், ஒப்புகை குடுத்துத்தான் ஆகணும்.

போன திங்கக்கிழமையும் வந்தேன். அன்னைக்குக் கூட்டம். என் முறை வர்றப்ப ஒரு மணி ஆயிரும் போல இருந்துச்சு, பட்டறையில ஆளு இல்ல, கிளம்பிட்டேன். அதுக்கு முந்தின திங்கக்கிழமை வந்தப்ப கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டேன். கண்ணாடி இல்லாம எப்படி, அவங்க எதுவும் கேட்டா படிச்சுக் காட்டணும்ல. லூர்துராஜ்கிட்டச் சொன்னேன். "சரிண்ணே"ன்னான். அவ்வளவுதான் சொன்னான்.

பயமா இருக்கான்னு கேக்கீங்களா? இதுல என்ன பயம்? கலெக்டர் என்ன அடிக்கவா போறாரு. வாங்கிப் படிப்பாரு, சுத்தி அத்தனை அதிகாரிங்க இருப்பாங்க, மைக்ல கேப்பாரு, யாரு நீங்கதானான்னு... ஆமான்னு சொல்லணும். அவ்வளவுதான். ஒரு வார்த்தை.

நாப்பத்தொண்ணுங்கிறாங்களா? அதுக்குள்ளயா? நடுவுல நிறையப் பேரு வரல போல.

என்னுதுதான்.

உங்களுது என்ன நம்பர், காட்டுங்க. நாப்பத்திரெண்டுதானே. அப்ப ஒண்ணு பண்ணுங்கம்மா, நீங்க முன்னாடி போயிட்டு வாங்க. தூரத்து ஊரு, உங்களுக்கு பஸ் இருக்கு. நான் உள்ளூரு. ஒரு ஆளு முன்ன பின்ன போறதுல என்ன இருக்கு, நான் சொல்லிக்கிறேன் அவங்ககிட்ட. போங்க. எனக்கு அவசரம் இல்ல.

போங்கம்மா, திரும்பவும் கூப்பிடுறாங்க பாருங்க.

ஏன் எந்திரிக்க மாட்டேங்கிறீங்க?

எதுக்கு என்னையே பாக்குறீங்க?

சரி. சரிம்மா. காலைக் கொஞ்சம் மடக்கிக்கோங்க, நான் உள்ள போறேன்.